எஸ்பிளனேடில் ஒரு மாலை: எந்த அரங்கம், எந்த இருக்கை, எந்த வழி?

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலையரங்க வளாகத்துக்கு டிக்கெட் எடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விலையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அடுத்தது, மேடைக்கு எவ்வளவு அருகில் என்பது. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது, அன்றைய நிகழ்ச்சியில் ஒலி எங்கிருந்து வரப்போகிறது என்பது. வாத்தியத்திலிருந்தும் தொண்டையிலிருந்தும் நேராக வருகிறதா, மைக் வழியாக ஒலிபெருக்கியிலிருந்து வருகிறதா? இது தெரிந்துவிட்டால் எந்த இருக்கை நல்லது, எந்த இருக்கைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதில் பாதி முடிவாகிவிடும். நடனம் என்றால் கேள்வி வேறு: உங்களுக்குக் கால் முக்கியமா, முகம் முக்கியமா?

மரினா பே கரையில் 2002 அக்டோபர் 12 அன்று திறக்கப்பட்ட வளாகம் இது. சிங்கப்பூரின் டிபி ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனமும் பிரிட்டனின் மைக்கேல் வில்ஃபர்ட் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தவை அந்த இரண்டு கண்ணாடிக் கூடுகள். வெயிலைத் தடுக்க அவற்றின் மேல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அலுமினிய முக்கோணங்கள் நிற்கின்றன. ஊரார் முள் பழமான 'டுரியான்' பெயரை வைத்ததற்கு அவைதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கூடுகளும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருப்பவையோ முற்றிலும் வேறு வேறு குணம் உள்ள இரண்டு அரங்கங்கள். இவற்றைத் தவிர சிறிய அரங்கங்களும் காசில்லாமல் பார்க்கக்கூடிய மேடைகளும் உண்டு.

அரங்கங்களின் குணம்

கான்சர்ட் ஹாலில் சுமார் 1,600 இருக்கைகள். மேடைக்குப் பின்னால் பாடகர் குழுவுக்கென்று உள்ள கேலரியில் மேலும் சுமார் 200. நீளமான பெட்டி வடிவம், உயரமான கூரை, இருபுறமும் ஒலியைத் திருப்பி அனுப்பும் சுவர்கள். மைக் இல்லாமல் வாசிக்கும் சிம்பொனி இசைக்காகவே கட்டியது. ஒலியமைப்பு ஆர்டெக் நிறுவனத்தின் ரஸ்ஸல் ஜான்சன் செய்தது. மேடைக்கு மேலே ஏற்றி இறக்கக்கூடிய மூன்று துண்டு விதானம் தொங்குகிறது. சுவர்களுக்குப் பின்னால் வெற்று ஒலி அறைகள் இருக்கின்றன. அவற்றின் கனமான கதவுகளைத் திறந்தால் இசை அரங்கத்தில் அதிக நேரம் தங்கும். கதவுகளை மூடி, சுவர்களின் மேல் திரைகளை இறக்கினால் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும்.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்தத் திரை விஷயம் முக்கியமானது. சிம்பொனிக்கு அழகு சேர்க்கும் அந்தக் கார்வை, அதாவது ஒலி நீண்டு நிற்பது, மிருதங்கத்தின் வேகமான சொற்களைக் குழப்பிவிடும். மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வேகமான மூன்றாம் காலக் கோர்வை வரும்போது முன் அடியின் ஒலி அடங்குவதற்குள் அடுத்த அடி விழுந்தால், காதுக்கு எட்டுவது வெறும் இரைச்சல்தான். அதனால் மைக் வைத்த நிகழ்ச்சிகளுக்குத் திரைகளை இறக்கி அரங்கத்தை 'உலர்' ஆக்குவார்கள். இறக்கிய பிறகும் இது பெரிய அரங்கம்தான். எங்கே உட்காருகிறோம் என்பது சிம்பொனியை விடக் கச்சேரிக்கே அதிகம் முக்கியம்.

தியேட்டர் குதிரை லாட வடிவத்தில், ஐரோப்பிய ஆப்பரா அரங்கங்களின் வழியில் கட்டியது. நான்கு தளங்களில் ஏறத்தாழ 2,000 இருக்கைகள். படச்சட்டம் போன்ற முகப்புள்ள மேடை, முன்திரை, ஒளியமைப்பு எல்லாம் நாடகத்துக்கும் நடனத்துக்கும் ஏற்றவை. கான்சர்ட் ஹால் காதுக்கு என்றால் இது கண்ணுக்கு.

சிறிய அரங்கங்கள் மூன்று. ரிசைட்டல் ஸ்டூடியோவில் 245 இருக்கைகள். தியேட்டர் ஸ்டூடியோ 220 பேர் கொள்ளும் கறுப்புப் பெட்டி அரங்கம். அங்கே இருக்கை அமைப்பு நாடகத்துக்கு நாடகம் மாறும். 2022-இல், வளாகத்தின் இருபதாம் ஆண்டில் சேர்ந்தது சிங்டெல் வாட்டர்ஃபிரன்ட் தியேட்டர். 550 இருக்கைகள் கொண்ட நடுத்தர அரங்கம் அது. இருக்கைகளை உள்ளே தள்ளிவிட்டுத் தரையைக் காலி செய்யவும் முடியும்.

நவம்பரில் நடக்கும் கலா உற்சவம், அதாவது எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழா, இவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் உங்கள் முன் வைக்கும். ஒரு மாலைக்கு மட்டும் பணமும் நேரமும் இருக்கும் தமிழ் ரசிகருக்கு உண்மையான தேர்வு வருவது அப்போதுதான். பெரிய பெயர் பெரிய அரங்கத்தில் இருக்கும். ரிசைட்டல் ஸ்டூடியோவில் அவ்வளவு விளம்பரம் இல்லாத ஒரு வீணையோ புல்லாங்குழலோ இருக்கும். கர்நாடக இசைதான் உங்கள் தேவை என்றால் சிறிய அரங்கத்தையே எடுங்கள். 245 பேருக்கு நடுவில் சுரத்தை அசைக்கும் கமகம் ஒவ்வொன்றும் காதில் விழும், பக்கவாத்தியக்காரர்கள் கண்ணால் பேசிக்கொள்வது தெரியும், எங்கே உட்கார்ந்தாலும் பெரிய நட்டமில்லை. இதில் ஒரே இடைஞ்சல், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். 1,600 இருக்கை கொண்ட அரங்கத்துக்குக் கடைசி வாரத்திலும் இடம் கிடைக்கலாம். ஸ்டூடியோவுக்கு அந்த நம்பிக்கை வைக்காதீர்கள். விற்பனை தொடங்கிய நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

நடனம், பெரிய நாடகம், குழு நிகழ்ச்சி என்றால் தியேட்டரை விட்டுவிட்டுச் சிறிய அரங்கம் தேட வேண்டாம். இருபது பேர் ஆடும் நடனத்துக்கு அகலமான மேடை வேண்டும்.

கான்சர்ட் ஹால்: மைக் இல்லாத இசைக்கு

சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு இங்கேதான் வழக்கமாக வாசிக்கிறது. இருக்கை வரைபடத்தில் விலை உயர்ந்த நிறம் கீழ்த்தளத்தின் நடுவிலும், அதற்கு மேலே உள்ள மாடமான முதல் வட்டத்தின் முன்வரிசைகளிலும் இருக்கும். அது பெரும்பாலும் நியாயமான விலைதான். ஆனால் கீழ்த்தளத்தின் முதல் நான்கைந்து வரிசைகள் அருகில் இருப்பதாலேயே நல்லவை ஆகிவிடாது. மேடை உங்கள் தலைக்கு மேலே இருக்கும். முன்னால் உள்ள வயலின்கள் பின்னால் உள்ள ஓபோ, கிளாரினெட் என்ற குழல் வாத்தியங்களைக் கண்ணுக்கும் காதுக்கும் மறைத்துவிடும். டிரம்பெட்டின் ஒலி தலைக்கு மேலே பறந்து போகும். தனி வயலின் கலைஞரின் வில்லை அருகில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அந்த வரிசைகள்.

கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளிலும் கவனம் வேண்டும். தலைக்கு மேலே முதல் வட்டத்தின் அடிப்பகுதி நீண்டிருப்பதால், கூரையிலிருந்து திரும்பி வரும் ஒலி அங்கே குறைவாகவே எட்டும். அதே விலையில், அல்லது அதைவிடக் குறைவாக, இரண்டாம் வட்டத்தின் நடுப்பகுதி கிடைத்தால் யோசிக்காமல் மேலே போங்கள். பெட்டி வடிவ அரங்கத்தில் ஒலி மேலே ஏறி நன்றாகக் கலந்துதான் வருகிறது. மூன்றாம் வட்டத்தின் நடு முன்வரிசை, ஒட்டுமொத்த இசைக்குழுவும் ஒரே உடலாகக் கேட்கும் இடம். முகங்கள் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரி கேட்க நினைக்கும் மாணவர்களுக்கு அந்த இடத்தை மனதாரச் சொல்வோம்.

பக்கவாட்டு இருக்கைகளில் கவனிக்க வேண்டியது பார்வை. மேல் வட்டங்களின் பக்கங்களில் உட்கார்ந்தால் கைப்பிடிச் சுவர் மேடையின் ஒரு துண்டை வெட்டிவிடும். சாய்ந்து பார்த்தால் தெரியும். நீங்கள் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. டிக்கெட் தளத்தில் 'பார்வைத் தடை உள்ள இருக்கை' என்று குறித்திருந்தால் அதை அப்படியே நம்புங்கள். கண்ணை மூடிக் கேட்பவர்களுக்கு அது நல்ல பேரம்.

பியானோ நிகழ்ச்சிக்குத் தனிக் கணக்கு. ரசிகர் பக்கமிருந்து பார்த்தால் விசைகள் இடப்பக்கம் இருக்கும். விரல்களைப் பார்க்க வேண்டுமானால் நடுவிலிருந்து இடப்பக்கம். பியானோவின் மூடி ஒலியைத் திருப்பி அனுப்புவதோ வலப்பக்கம் நோக்கி. பியானோ படிக்கும் குழந்தையை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இடப்பக்கம். ஒலிக்காகவே போகிறீர்கள் என்றால் நடுவோ சற்று வலமோ. ஆர்கன் நிகழ்ச்சி என்றால் நடுவில் மேலே இருப்பது நல்லது. ஜெர்மனியின் பான் நகரத்துக் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கனின் குழாய்கள், நான்காயிரத்துக்கும் மேற்பட்டவை, கேலரிக்கு மேலே உயரத்தில் நிற்கின்றன.

கேலரி இருக்கைகளைப் பற்றித்தான் ஆளுக்கொரு கருத்து. விலை குறைவு, இசைக்குழுவை வழிநடத்தும் நடத்துநரின் முகம் நேராகத் தெரியும், இசைக்குழுவுக்குள்ளேயே உட்கார்ந்ததுபோல இருக்கும். ஒலி மட்டும் தலைகீழாகிவிடும். ஃபிரெஞ்சு ஹார்னின் வாய் பின்பக்கம் திரும்பியிருப்பதால் அது உங்களை நோக்கித்தான் ஊதும். டிம்பனி என்ற பெரிய முரசு காலடியில் முழங்கும், வயலின்கள் தொலைவில் இருக்கும். தாள வாத்தியம் கற்பவர்களுக்கும், நடத்துநர் எப்படி வழிநடத்துகிறார் என்று பார்க்க விரும்புபவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் இல்லை. வாய்ப்பாட்டு, தனி வயலின், பியானோ எதுவானாலும் இங்கே எடுக்காதீர்கள். பாடகர் உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பாடுவார்.

மைக் வைத்த கச்சேரிக்கு

மேலே சொன்னதில் பாதியை இப்போது மறந்துவிட வேண்டும். ஒலிபெருக்கி வந்துவிட்டால் ஒலி கூரையிலிருந்து கலந்து வருவது நன்மை இல்லை, தொந்தரவு. ஒலிபெருக்கிகள் நோக்கும் திசையில், இரண்டு பக்கங்களுக்கும் சம தூரத்தில் உட்கார வேண்டும். நல்ல அடையாளம் ஒலி கட்டுப்பாட்டு மேசை. அது வழக்கமாகக் கீழ்த்தளத்தின் நடுவில் பின்பாதியில் இருக்கும். ஒலி அமைப்பவர் தன் காதுக்கு எது சரியோ அதைத்தான் அரங்கத்துக்குக் கொடுக்கிறார். அவருக்கு முன்னால் ஐந்தாறு வரிசைக்குள், நடுப்பகுதியில் இடம் கிடைத்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

முதல் இரண்டு வரிசைகளில் உட்கார்ந்தால் முதன்மை ஒலிபெருக்கிகள் தலைக்கு மேலே போய்விடும். மேடையில் கலைஞர்களுக்காக வைத்திருக்கும் மானிட்டரின் ஒலியும் சேர்ந்து கேட்கும். மேல் வட்டங்களின் பக்கவாட்டில் ஒரு பக்கத்து ஒலிபெருக்கி மட்டும் ஓங்கி, மறுபக்கம் சுவரில் பட்டுத் தாமதமாக வரும். வயலினும் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவது அங்கேதான். கேலரியை விற்றாலும் வாங்காதீர்கள். அது ஒலிபெருக்கிகளுக்குப் பின்பக்கம்.

டிக்கெட் எடுக்கும் முன் மைக் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சிம்பொனி, நால்வர் வாத்தியக் குழு, தனி பியானோ ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இருக்காது. கர்நாடக, இந்துஸ்தானிக் கச்சேரிகள், ஜாஸ், திரை இசை, ஃபியூஷன் என்றால் பெரிய அரங்கத்தில் மைக் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். சிம்பொனி இசைக்குழுவோடு திரை இசை வாசிக்கும் நிகழ்ச்சிகளிலும் மைக் இருக்கும். பலர் அதை மறந்து கேலரி எடுத்துவிடுகிறார்கள்.

தியேட்டர்: காலா, முகமா?

பரதநாட்டியத்துக்கு இருக்கை எடுப்பதில் அடிக்கடி நடக்கும் தவறு முதல் வரிசை. மேடைத் தளம் கண் மட்டத்துக்கு மேலே இருப்பதால் பாதம் தரையில் படும் இடம் மறைந்துவிடும். காலைத் தட்டி ஆடும் தட்டடவும் தாளச் சொற்களுக்கு ஆடும் ஜதியும் பாதி காது, பாதி கண். பாதம் தெரியாவிட்டால், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள இழை அறுந்துபோகும்.

தனி ஆட்டம், பதம், அபிநயம் அதிகம் உள்ள நிகழ்ச்சி என்றால் கீழ்த்தளத்தில் ஐந்தாவது வரிசைக்கு மேல், பன்னிரண்டுக்குள், நடுவில். கண்ணின் அசைவு எட்டும் தூரம் அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் முகபாவம் கரைந்து உடல்மொழி மட்டும் மிஞ்சும். குழு நடனம், நாட்டிய நாடகம், தற்கால நடனம், பாலே எல்லாவற்றுக்கும் முதல் வட்டத்தின் முன் இரண்டு வரிசைகள். தரையில் விழும் ஒளி வட்டங்கள், ஆடுபவர்கள் விரிந்து குவியும் கோலம், குறுக்கே கடக்கும் கோடுகள் எல்லாம் அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். நடன அமைப்பாளர் மேலிருந்து பார்ப்பதற்காகவே யோசித்த பல விஷயங்கள் கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன.

லாட வடிவத்தின் இரு கைகளிலும் உள்ள பக்க இருக்கைகளில் மேடையில் உங்களுக்கு அருகில் உள்ள பக்கம் கொஞ்சம் வெட்டுப்படும். பாட்டுக்குழு மேடையின் ஒரு பக்கம் உட்காருவது வழக்கம். அது உங்கள் பக்கமாக அமைந்துவிட்டால் நட்டுவனார், மிருதங்கம் இருவருமே தெரியாமல் போகலாம். மூன்றாம் வட்டம் உயரம் அதிகம், படிகள் செங்குத்து. தலை சுற்றுபவர்களுக்கும் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் வேண்டாம். மின்தூக்கி தளம் வரை கொண்டுபோய்விடும். அங்கிருந்து இருக்கை வரை அரை இருட்டில் படி இறங்க வேண்டியிருக்கும். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் வரிசையின் ஓரத்து இருக்கை எடுப்பது, இடைவேளையில் கழிவறைக்குப் போய் வருவதற்கும் சுலபம். சக்கர நாற்காலி இடங்கள் தனியாக உண்டு. அவற்றை முன்கூட்டியே டிக்கெட் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வசன வரி திரையில் ஓடும் நாடகங்களுக்கு முன்வரிசைகள் கழுத்துக்கு ஆகாது. மேலே ஓடும் வரியைப் படித்தால் நடிகர் தவறிவிடுவார், நடிகரைப் பார்த்தால் வரி தவறிவிடும். பத்து வரிசையாவது பின்னால் போங்கள்.

விலை விஷயத்தில் ஒரு வழி

இருக்கை வரைபடத்தில் இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். விலை உயர்ந்த பிரிவின் கடைசி வரிசைக்கும் அடுத்த பிரிவின் முதல் வரிசைக்கும் இடையே காதுக்குத் தெரியும் வேறுபாடு எதுவும் இல்லை. விலையில் மட்டும் உண்டு. விற்பனை தொடங்கும் நாளில் நீங்கள் முதலில் எடுக்க வேண்டியவை, விலை குறைந்த பக்கத்தில் உள்ள இந்த எல்லை இருக்கைகள்.

மாணவர்கள், தேசிய சேவையாளர்கள், மூத்தோர் ஆகியோருக்குப் பல நிகழ்ச்சிகளில் சலுகை உண்டு. வாசலில் சான்று கேட்பார்கள், அட்டையை மறக்காதீர்கள். நிகழ்ச்சியை நடத்துவது யார் என்பதைப் பொறுத்து விற்பனை எஸ்பிளனேடின் சொந்தத் தளத்திலோ சிஸ்டிக் தளத்திலோ இருக்கும். தேடுபொறியில் முதலில் வரும் மறுவிற்பனைத் தளங்களில் வாங்காதீர்கள். டிக்கெட் இன்னும் மீதமிருக்கும் நிகழ்ச்சிக்கே பல மடங்கு விலை போட்டிருப்பார்கள். வாங்கிய டிக்கெட் வாசலில் செல்லாமல் போனாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

காசில்லாமல் பார்ப்பது எப்போது மேல்?

நுழைவு மண்டபமான கான்கோர்ஸிலும் கரையோரத்து வெளிப்புற அரங்கிலும் ஆண்டு முழுவதும் இலவச நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கலா உற்சவ நாட்களில் நடனம், நாட்டுப்புற இசை, இளம் கலைஞர்களின் கச்சேரி என்று அவை கூடுதலாக இருக்கும். நிகழ்ச்சிகள் குறுகியவை, ஒரே குழு ஒரு மாலையில் இரண்டு மூன்று முறை மேடையேறுவதும் உண்டு. முதல் முறை பின்னால் நின்றவர்கள் கலைந்து போகாமல் அங்கேயே இருந்தால் அடுத்த முறைக்கு முன்னால் இடம் பிடிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் எது? வெளிப்புற அரங்குக்கு மேலே கூரை உண்டு, சுவர் இல்லை. நவம்பர் மழைக் காலம். சாய்ந்து அடிக்கும் மழையில் ஓரத்து இருக்கைகள் நனையும். மைக் இருந்தாலும் காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போகும். பறை, செண்டை, ராக் இசை எல்லாம் அங்கே நன்றாக எடுபடும், வீணை எடுபடாது. கான்கோர்ஸ் குளிர்சாதனம் உள்ள உள்ளிடம்தான், ஆனால் மக்கள் நடந்துகொண்டும் பேசிக்கொண்டும் இருப்பார்கள். மென்மையான இசைக்கு அங்கே மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்தால் மட்டுமே பயன்.

சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு இலவச மேடைதான் சரியான தேர்வு. டிக்கெட் நிகழ்ச்சிகள் பலவற்றில் குறைந்தபட்ச வயது வைத்திருப்பார்கள். ஆறு வயதுக்குக் குறைந்தவர்களை விடாத நிகழ்ச்சிகள் உண்டு. குழந்தைகளுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு விதி வேறு. கைக்குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை என்று நினைத்து வந்து வாசலில் திரும்புவது மனதுக்குக் கஷ்டமான விஷயம். நிகழ்ச்சிப் பக்கத்தில் வயது வரியை முதலில் படியுங்கள். குழந்தை இசையைக் கேட்டுத் தாளம் போடுவதற்கும் எழுந்து ஆடுவதற்கும் கான்கோர்ஸில் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

விக்டோரியா அரங்கமா, எஸ்பிளனேடா?

ஆற்றின் அக்கரைக்குப் போகாமலே நடந்து போகும் தூரத்தில், எம்ப்ரஸ் பிளேஸில், விக்டோரியா தியேட்டரும் கான்சர்ட் ஹாலும் இருக்கின்றன. 1862-இல் நகர மண்டபமாக எழுந்த கட்டடமும் 1905-இல் திறந்த நினைவு மண்டபமும், நடுவில் மணிக்கூண்டு. பெரிய புதுப்பிப்புக்குப் பின் 2014-இல் மீண்டும் திறந்தார்கள். கான்சர்ட் ஹாலில் 673 இருக்கைகள், தியேட்டரில் 614. சிங்கப்பூர் சிம்பொனி இசைக்குழு 2002-க்கு முன் அங்கேதான் இருந்தது, இன்றும் சில கச்சேரிகளை அங்கே நடத்துகிறது. நால்வர் வாத்தியக் குழு, மோட்ஸார்ட் காலத்துச் சிறிய சிம்பொனிகள், தனிப் பாட்டு ஆகியவற்றுக்கு விக்டோரியா மேல்: தூரம் குறைவு, ஒலி நெருக்கம். நூறு பேர் வாசிக்கும் பெரிய படைப்புக்கு எஸ்பிளனேட்தான். சிறிய மண்டபத்தில் பித்தளை வாத்தியங்கள் காதை அடைத்துவிடும்.

போகும் வழி

எஸ்பிளனேட் எம்ஆர்டி ரயில் நிலையம் அரங்கத்தின் அடியில் இருப்பதாக நினைத்து வருபவர்கள் உண்டு. அது அடியில் இல்லை. போர் நினைவுப் பூங்காவின் அருகில் இருக்கிறது. அங்கிருந்து பலகைகளைப் பார்த்து மரினா ஸ்குவேர் பக்கமாக நடக்க வேண்டும். கிழக்கு மேற்குப் பாதையிலோ வடக்கு தெற்குப் பாதையிலோ வருபவர்கள் பெயரைப் பார்த்து ரயில் மாற வேண்டாம். சிட்டி ஹாலில் இறங்கி சிட்டிலிங்க் மால் வழியாகத் தரைக்கடியிலேயே சுமார் பத்து நிமிடம் நடந்தால் மழை படாமல் வந்துவிடலாம்.

லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு வழிகள். வடக்கு கிழக்குப் பாதையில் ஒரு நிறுத்தம், தோபி காட். அங்கே வட்டப் பாதைக்கு மாறி இரண்டாவது நிறுத்தம் எஸ்பிளனேட். அல்லது டௌன்டவுன் பாதையில் மூன்றாவது நிறுத்தமான புரோமனாட் வரை வந்து வட்டப் பாதையில் ஒரு நிறுத்தம். இரண்டாவது வழியில் தடுமாற வாய்ப்பு அதிகம்: புரோமனாடில் வட்டப் பாதை கிளை பிரிகிறது. தோபி காட் போகும் ரயிலில் ஏற வேண்டும். தவறி வேறு கிளையில் ஏறினால் பேஃபிரன்ட் போய் நிற்பீர்கள். புதியவர்களுக்குத் தோபி காட் வழியே நல்லது.

நேரம் இருப்பவர்களுக்கு ராஃபிள்ஸ் பிளேஸிலிருந்து நடை. ஃபுல்லர்டன் ஹோட்டலைத் தாண்டி, மெர்லயன் சிலையைக் கடந்து, 2015-இல் திறந்த ஜூபிலி பாலத்தின் மேல் வந்தால் நேரே எஸ்பிளனேட் கரை. சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான். இந்தப் பக்கம் வருபவர்கள் பத்து நிமிடம் ஒதுக்கி எஸ்பிளனேட் பூங்காவுக்குள்ளும் போய் வாருங்கள். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னத்துக்கு 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. சின்னத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஏராளமாக இருந்தார்கள் என்பதால் நம்மவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

கார் கடைசித் தேர்வுதான். மாலையில் நகருக்குள் வர மின்னியல் சாலைக் கட்டணம் இருக்கலாம், நிறுத்தக் கட்டணம் தனி, நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறுவார்கள். ஃபார்முலா 1 பந்தய வாரத்தில் ஓடுபாதையே எஸ்பிளனேடை ஒட்டிப் போவதால் சுற்றியுள்ள சாலைகளை அடைத்துவிடுவார்கள். தேசிய தின அணிவகுப்பு அருகில் நடக்கும் ஆண்டுகளில் ஒத்திகைச் சனிக்கிழமைகளிலும் இதே கதை. அந்த நாட்களில் ரயில் மட்டும்.

நேரக் கணக்கு

பெரும்பாலான நிகழ்ச்சிகள் இரவு 7.30 அல்லது 8 மணிக்கு, சொன்ன நேரத்தில் தொடங்கும். தாமதமாக வருபவர்களை உருப்படிகளுக்கு நடுவில் பொருத்தமான இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள், அதுவும் பின்னால் காலியாக உள்ள இருக்கைக்கு. நாட்டியத்தில் முதல் உருப்படியான அலாரிப்பு போய்விடும். இடைவேளையே இல்லாத ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் பாதி போய்விடும். நிலையத்திலிருந்து நடை, மின்தூக்கி வரிசை, பெரிய பையை ஒப்படைப்பது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் முன்பாக வளாகத்துக்குள் இருங்கள்.

சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மக்கான்சூத்ரா குளட்டன்ஸ் பே உணவங்காடி இருக்கிறது. கடல் உணவும் சாத்தேயும் விரும்புபவர்களுக்கு நல்ல இடம்; நிகழ்ச்சிக்கு முன் கூட்டம் அதிகம், முடிந்த பிறகு போவதே வசதி. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள் அதை நம்பி வராதீர்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஆறு மணிக்குள் சாப்பிட்டுவிட்டுத் தோபி காட் வழியாக வந்தால் நேரம் சரியாக இருக்கும். அரங்கத்துக்குள் குளிர் அதிகம். கரையோரம் நடந்து வியர்த்துப் போய் உட்காருபவர்களுக்கு இன்னும் குளிரும். ஒரு சால்வை போதும். வேட்டி, புடவை எதுவானாலும் சரி. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் பெரிய அரங்கங்களுக்கு வேண்டாம்.

முடிந்ததும் வாடகைக் கார் செயலியில் விலை ஏறியிருக்கும். மரினா ஸ்குவேர் பக்கம் நடந்து போய் அங்கிருந்து அழைப்பது ஒரு வழி. இல்லாவிட்டால் குளட்டன்ஸ் பேயில் அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போங்கள். பத்து மணியளவில் முடியும் நிகழ்ச்சிக்குப் பிறகும் ரயில் கிடைக்கும். உங்கள் நிலையத்துக்குக் கடைசி ரயில் எப்போது என்பதை மட்டும் போகும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.